2,000 பாக்கிக்கு 2,281 வட்டி: இது எந்த ஊர்க் கணக்கு?

நிலாப்பாதை:

வணக்கம். என் கிரெடிட் கார்டு பில்லைப் பார்த்ததிலிருந்து தலை சுற்றுகிறது. கணக்கு தெரிந்தவர்கள் யாராவது விளக்குங்கள்.

ஜூன் 5ஆம் தேதி கார்டில் 40,000க்கு ஒரு மடிக்கணினி வாங்கினேன். அந்த மாதம் கார்டில் வேறு எதுவும் தேய்க்கவில்லை. ஜூலை 4 ஸ்டேட்மென்ட் வந்தது, கட்டவேண்டிய கடைசி நாள் ஜூலை 24. அன்றைக்கே 38,000 கட்டிவிட்டேன். 2,000ஐ மட்டும் வேறு ஒரு செலவுக்காக நிறுத்தி வைத்தேன். மினிமம் ட்யூ, அதாவது அந்த மாதம் குறைந்தபட்சம் கட்டியே ஆகவேண்டிய தொகை, வெறும் 2,000தான். நான் கட்டியது அதைப்போல 19 மடங்கு. அதனால் பயப்பட ஒன்றுமில்லை என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 4 ஸ்டேட்மென்டில் பழைய பாக்கி 2,000, அதற்குக் கீழே ‘ஃபைனான்ஸ் சார்ஜ்’ 2,281. வரி தனி! வட்டி மாதம் 3.5 சதவிகிதம் என்றுதான் போட்டிருக்கிறது. பாக்கியைவிட வட்டி எப்படி அதிகமாகும்? தாமதக் கட்டணம் எதுவும் போடவில்லை. அதனால் இன்னும் குழப்பம்.

காற்றாடி:

2,000க்கு 3.5 சதவிகிதம் 70. கம்ப்யூட்டர் ஏதோ சொதப்பியிருக்கிறது. கஸ்டமர் கேரைக் கூப்பிட்டு ஒரு சத்தம் போடுங்கள், சரியாகிவிடும்.

பழைய கணக்கர்:

காற்றாடி, அவசரப்படாதீர்கள். சொதப்பல் எதுவும் இல்லை. வங்கிகள் வழக்கமாகப் போடும் கணக்குதான் இது. அநியாயமாகத் தெரிவது வேறு விஷயம்.

வட்டி இல்லாமல் கிடைக்கும் அந்த 45, 50 நாட்கள் இலவசமாகக் கிடைப்பதில்லை. அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: ஸ்டேட்மென்டில் உள்ள முழுத் தொகையையும் கடைசி நாளுக்குள் கட்டவேண்டும். ஒரு ரூபாய் குறைந்தாலும் அந்தச் சலுகை மொத்தமாகப் போய்விடும். பாக்கி வைத்த பகுதிக்கு மட்டும் அல்ல, முழுத் தொகைக்கும் போய்விடும். வட்டியும் கடைசி நாளிலிருந்து தொடங்காது. பொருள் வாங்கிய நாளிலிருந்து தொடங்கும்.

இனி உங்கள் கணக்கு. மாதம் 3.5 என்றால் ஆண்டுக்கு 42 சதவிகிதம். 40,000க்கு ஒரு நாள் வட்டி சுமார் 46. ஜூன் 5லிருந்து ஜூலை 24 வரை 49 நாட்கள், ஆக 2,255 சொச்சம். ஜூலை 24க்குப் பிறகு பாக்கி 2,000, அதற்கு ஆகஸ்ட் 4 வரை 11 நாள் வட்டி 25. இரண்டையும் கூட்டினால் 2,281. பைசா சுத்தமாக ஒத்துப்போகிறது.

அதாவது நீங்கள் கொடுத்த வட்டியில் அந்த 2,000க்காகக் கொடுத்தது 140 கூட இருக்காது. மீதி எல்லாம் ஒழுங்காகக் கட்டிய 38,000க்குக் கொடுத்தது. அதுவும் கட்டிய நாளுக்கு முந்தைய நாட்களுக்கு.

நிலாப்பாதை:

கட்டிய பணத்துக்கு வட்டியா! மூன்று முறை படித்த பிறகுதான் புரிந்தது. அந்த 2,000ஐயும் சேர்த்துக் கட்டியிருந்தால் வட்டி பூஜ்யம். இல்லையா?

பழைய கணக்கர்:

ஆமாம், பூஜ்யம். அந்த 2,000ஐக் கைமாற்றாக யாரிடமாவது வாங்கிக் கட்டியிருந்தால்கூட மிச்சமாகியிருக்கும்.

வெட்டுக்கத்தரி:

இதற்குத்தான் நான் சொல்வது, கார்டே வேண்டாம். கையில் இருப்பதை வைத்து வாழத் தெரியாதவர்களிடம் பிடுங்குவதற்கென்றே கண்டுபிடித்த வித்தை. நான் 2019லேயே என் கார்டைக் கத்தரியால் நான்காக வெட்டிப் போட்டுவிட்டேன். நிம்மதி.

முன்னாள் ஹெட்செட்:

கத்தரி ஐயா, வெட்டினீர்கள் சரி, கணக்கை மூடினீர்களா? நான் நான்கு வருடம் ஒரு கார்டு நிறுவனத்தின் அழைப்பு மையத்தில் வேலை பார்த்தவன். உங்களைப் போன்றவர்களிடம் வாரம் ஒருவரிடமாவது பேசியிருப்பேன். பிளாஸ்டிக்கை வெட்டினால் கணக்கு சாகாது. அடுத்த ஆண்டு வருடக் கட்டணம் விழும். அதைக் கட்டாததால் தாமதக் கட்டணம் விழும், அதன்மேல் வரி. மூன்று வருடம் கழித்து வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது கிரெடிட் ரிப்போர்ட்டில், அதாவது நீங்கள் கடன்களைக் கட்டிய வரலாற்று அறிக்கையில், இது வந்து நிற்கும். பாக்கியை முழுவதும் தீர்த்து, மூடச் சொல்லி எழுத்தில் கேட்டு, மூடியாயிற்று என்ற பதிலை வாங்கி வைத்த பிறகு வெட்டுங்கள். எவ்வளவு துண்டாக வேண்டுமானாலும்.

வெட்டுக்கத்தரி:

என் கார்டு வருடக் கட்டணம் இல்லாதது. ஆனாலும் நாளைக்கு ஒரு முறை ரிப்போர்ட்டை எடுத்துப் பார்க்கிறேன்.

தூக்கம் வராதவன்:

இழையின் நடுவே புகுவதற்கு மன்னிக்கவும். என் பிரச்சினை வேறு. முழுப் பணத்தையும் கடைசி நாள் இரவு 10 மணிக்கு இன்னொரு வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினேன். கார்டில் வரவானது இரண்டு நாள் கழித்து, நடுவில் ஞாயிறு. தாமதக் கட்டணமும் போட்டுவிட்டார்கள், வட்டியும் போட்டுவிட்டார்கள். நான் அனுப்பிய நேரத்துக்கு ஆதாரம் இருக்கிறது. வாதாட முடியுமா?

முன்னாள் ஹெட்செட்:

பெரும்பாலான கார்டுகளின் நிபந்தனைகளில் ‘பணம் வரவான நாள்’ என்றுதான் இருக்கும். நீங்கள் அனுப்பிய நேரம் கணக்கில் வராது. அதனால் சட்டம் பேசினால் தோற்பீர்கள். கருணை பேசினால் ஜெயிக்க வாய்ப்பு உண்டு. நான் வேலை பார்த்த இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன், எல்லா இடத்திலும் அப்படியே இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை.

தாமதக் கட்டணத்தைத் திருப்பிப் போடும் அதிகாரம் முதலில் ஃபோன் எடுக்கும் ஆளுக்கே இருந்தது. கடந்த 12 மாதங்களில் வேறு தாமதம் இல்லை என்றால் ஒரு முறை எடுத்துவிடலாம். திரையில் பச்சையாகக் காட்டும். வட்டியை எடுப்பதற்கு மேலே அனுப்பவேண்டும். அது வேறு கோரிக்கை. நிறையப் பேர் ‘சார்ஜ் எடுங்க’ என்று பொதுவாகச் சொல்வார்கள். நாங்கள் தாமதக் கட்டணத்தை மட்டும் எடுத்துவிட்டு ‘வேறு ஏதாவது உதவி வேண்டுமா’ என்று கேட்டு வைத்துவிடுவோம். வட்டி அப்படியே கிடக்கும். ஆகவே இரண்டையும் பெயர் சொல்லித் தனித்தனியாகக் கேளுங்கள். அவற்றின்மேல் போட்ட வரியையும் மூன்றாவதாகக் கேளுங்கள். கோரிக்கை எண்ணை வாங்கிக்கொள்ளாமல் ஃபோனை வைக்காதீர்கள்.

இன்னொன்று. கத்துகிறவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. எங்களுக்கும் மனசு உண்டு. மாலை ஆறு மணிக்கு நாற்பதாவது ஆளாகக் கூப்பிட்டு, அமைதியாக, ‘ஐந்து வருடமாக ஒரு நாள் தவறியதில்லை, இந்த ஒரு தடவை பாருங்கள்’ என்று சொன்ன ஒரு அம்மாவுக்காக நான் மேலாளரிடம் போய் நின்றிருக்கிறேன்.

காற்றாடி:

என் ‘சத்தம் போடுங்கள்’ ஆலோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஊர்சுற்றி:

பல நாட்டுக் கார்டுகளோடு மல்லுக்கட்டியவன் என்பதால் விதிகளைப் பற்றிக் கொஞ்சம்.

நிலாப்பாதைக்கு நடந்தது அமெரிக்காவில் நடக்காது. அங்கே 2009இல் கொண்டுவந்த கார்டு சட்டம் இதைத்தான் குறிவைத்துத் தடுத்தது: கெடு தேதிக்குள் கட்டிய பகுதிக்கு, மீதியைக் கட்டவில்லை என்ற காரணத்தால் வட்டி போடக்கூடாது. அங்கே அவருக்கு அந்த 2,000க்கு மட்டும்தான் வட்டி வந்திருக்கும். அதே சட்டப்படி ஸ்டேட்மென்டைக் கெடு தேதிக்கு 21 நாட்களுக்கு முன்பே அனுப்பவேண்டும். மினிமத்தை மட்டும் கட்டினால் கடன் தீர எவ்வளவு காலம் ஆகும் என்பதையும் பில்லிலேயே அச்சிடவேண்டும்.

இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2022இல் கார்டுகளுக்கென ஒரு பெரிய வழிகாட்டு ஆணை போட்டது. கெடு தேதி தாண்டி மூன்று நாட்களுக்கு மேல் போனால்தான் தாமதக் கட்டணம் போடலாம், கிரெடிட் ரிப்போர்ட்டிலும் பாக்கி என்று காட்டலாம். தூக்கம் வராதவன் இந்திய கார்டு வைத்திருந்தால் இதைப் பிடித்துக்கொள்ளலாம், அவர் பணம் இரண்டாம் நாளே வந்துவிட்டது. ஆனால் நான்காம் நாளுக்குப் போய்விட்டால் தாமதத்தைக் கெடு தேதியிலிருந்தே எண்ணுவார்கள். சலுகையும் தாமதக் கட்டணத்துக்குத்தான். வட்டிக்கு அதை நம்பி உட்கார வேண்டாம். கட்டாமல் விட்ட கட்டணங்களையும் வரிகளையும் அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக்கூடாது என்பதும் அந்த ஆணையில் இருக்கிறது. கார்டை மூடச் சொல்லி ஏழு வேலை நாட்களுக்குள் மூடாவிட்டால், பாக்கி எதுவும் இல்லாத பட்சத்தில், நாளொன்றுக்கு 500 ரூபாய் அவர்கள் தரவேண்டும். கத்தரிக்காரர் கவனிக்க.

வட்டிக்கு உச்சவரம்பு? 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் ஆண்டுக்கு 30 சதவிகிதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்றது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. ஆகவே 42ஐப் பார்த்து நீதிமன்றம் போகலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

மலேசியாவில் வேறு மாதிரி. ஒழுங்காகக் கட்டுகிறவருக்கு ஆண்டுக்கு 15 சதவிகிதம், இடையிடையே தவறுகிறவருக்கு 17, மற்றவர்களுக்கு 18. தாமதக் கட்டணம் பாக்கியில் ஒரு சதவிகிதம், குறைந்தது 10 ரிங்கிட், எவ்வளவு போனாலும் 100க்கு மேல் கிடையாது.

தூக்கம் வராதவன்:

இந்திய கார்டுதான்! அந்த மூன்று நாள் விஷயம் தெரியவே தெரியாது. நாளைக்கே மின்னஞ்சல் அனுப்புகிறேன்.

படிக்கட்டு:

இங்கே எல்லோரும் ஒரு மாதம் தவறியதற்கே இவ்வளவு பேசுகிறீர்கள். நான் இரண்டு வருடமாக மினிமம் மட்டும் கட்டிவருகிறேன். சுமார் ஒரு லட்சம் பாக்கி. இன்றுவரை ஒரு நாள் கூடத் தாமதமில்லை, தாமதக் கட்டணம் ஒரு முறைகூட விழவில்லை. ஆனால் பாக்கி குறைவதாகவே தெரியவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, வீட்டிலும் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?

பழைய கணக்கர்:

வெட்கப்பட ஒன்றும் இல்லை. மினிமம் என்ற அந்தச் சொல்லே ‘இதைக் கட்டினால் போதும்’ என்று காதில் விழும்படிதான் இருக்கிறது. அது தாமதக் கட்டணத்திலிருந்து மட்டும்தான் காப்பாற்றும். வட்டியிலிருந்து காப்பாற்றாது.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பாக்கி ஒரு லட்சம், வட்டி மாதம் 3.5, மினிமம் பாக்கியில் 5 சதவிகிதம், கார்டில் புதிதாக எதுவும் வாங்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்தில் நீங்கள் கட்டுவது சுமார் 56,700. அதில் 38,300 வட்டிக்கே போய்விடும். பாக்கி இன்னும் 81,650 நிற்கும். பாதியாகக் குறையவே 41 மாதம் ஆகும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பாக்கி குறையக் குறைய மினிமமும் குறைகிறது. முதல் மாதம் 5,175, பிறகு 5,088, பிறகு 5,003. பார்க்க இதமாகத்தான் இருக்கும். அந்தக் குறைவுதான் கடனை இழுத்துக்கொண்டே போகிறது. அதற்குப் பதிலாக, முதல் மாதம் கட்டிய அதே 5,175ஐ மாறாமல் மாதாமாதம் கட்டினால் 33 மாதத்தில் கடன் முடிந்துவிடும். குறைந்துவரும் மினிமத்தைக் கட்டிவந்தால் அதே 33ஆம் மாதம் இன்னும் 57,000 பாக்கி இருக்கும். முதல் நாள் கையிலிருந்து போவது என்னவோ ஒரே தொகைதான். மாதம் 8,000 முடியுமென்றால் 17 மாதம்.

படிக்கட்டு:

33 மாதமா? அதே தொகையிலா? இரண்டு வருடத்துக்கு முன்பே யாராவது சொல்லியிருக்கலாம். இப்போது முடிக்கும் தறுவாயில் இருந்திருப்பேன்.

ஆனால் நான் இடையிடையே கார்டில் வாங்கிக்கொண்டும் இருக்கிறேன். சின்னச் சின்னதாகத்தான்.

பழைய கணக்கர்:

அதுதான் ஓட்டை. பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் எதற்கும் வட்டியில்லா நாள் கிடையாது. தேய்த்த அன்றைக்கே மீட்டர் ஓடத் தொடங்கும். அந்தக் கார்டைக் கொஞ்ச காலம் அலமாரியில் வையுங்கள். கார்டில் ரொக்கம் மட்டும் எடுத்துவிடாதீர்கள். ஒழுங்காகக் கட்டுகிறவருக்குக்கூட அதில் வட்டி முதல் நாளிலிருந்தே, எடுத்ததற்கு ஒரு கட்டணம் தனி.

மறுகரை:

படிக்கட்டு, நான் இதே இடத்தில் நின்றவள். எனக்குப் பாக்கி ஒரு லட்சத்துக்கும் சற்று மேலே. சம்பளக் கணக்கு இருந்த வங்கியில் 14 சதவிகிதத்தில் தனிநபர் கடன் வாங்கி, கார்டை ஒரே அடியாக அடைத்தேன். 24 மாதத் தவணை. ஒரு லட்சத்துக்கு மாதம் சுமார் 4,800 வரும், மொத்த வட்டி 15,000 சொச்சம். அதே 4,800ஐக் கார்டுக்கே கட்டிக்கொண்டிருந்தால் 38 மாதம் ஓடியிருக்கும், வட்டி 82,000ஐத் தாண்டியிருக்கும். கணக்கைப் பார்த்த அன்று அழுதேன்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். முதல் தடவை இதைச் செய்தபோது காலியான கார்டு கையிலேயே இருந்தது. எட்டே மாதத்தில் அதில் மறுபடி 30,000 ஏறிவிட்டது. தவணையும் ஓடுகிறது, கார்டும் ஓடுகிறது. இரண்டாவது முறைதான் கார்டின் கடன் வரம்பைக் குறைக்கச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுத்தேன். கடன் மாற்றுகிறவர்கள் அந்தக் காகிதத்தையும் அதே நாளில் கொடுத்துவிடுங்கள். கடனுக்கான பரிசீலனைக் கட்டணத்தையும் முன்கூட்டி அடைத்தால் பிடிக்கும் தொகையையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

காற்றாடி:

கார்டு கம்பெனியே ‘பாக்கியை இ.எம்.ஐ.யாக மாற்றித் தருகிறோம்’ என்று குறுஞ்செய்தி அனுப்புகிறதே, அது தேவலையா?

மறுகரை:

3.5ஐ விடத் தேவலைதான். ஆண்டு வட்டி எவ்வளவு, குறையும் அசலுக்கா அல்லது முதல் தொகைக்கே கடைசிவரையா என்று கேளுங்கள். ‘மாதம் ஒன்றரை சதவிகிதம்தான்’ என்பார்கள். குறையும் அசலுக்கு என்றாலே அது ஆண்டுக்கு 18. முதல் தொகைக்கே என்றால் உண்மையில் அதைவிட மிக அதிகம்.

முன்னாள் ஹெட்செட்:

படிக்கட்டுக்கு ஒரு எச்சரிக்கை. நாலைந்து மாதம் கட்டாமல் விட்டால் ‘பாதி கொடுங்கள், முடித்துக்கொள்வோம்’ என்று செட்டில்மென்ட் பேசும் அழைப்பு வரும். ஆசையாக இருக்கும். அப்படி முடித்தால் கிரெடிட் ரிப்போர்ட்டில் ‘மூடப்பட்டது’ என்று வராது, ‘செட்டில் செய்யப்பட்டது’ என்று வரும். அடுத்து கடன் தரப்போகிறவர் அதை ‘முழுசாகக் கட்டாதவர்’ என்றுதான் படிப்பார். வேறு வழியே இல்லாதவர்களுக்கு அது ஒரு வழி. ஒரு நாள் தவறாமல் கட்டிவரும் உங்களுக்கு அது வேண்டாம்.

ஊர்சுற்றி:

இங்கிலாந்தில் இதற்கென்றே ஒரு விதி உண்டு. 18 மாதங்களில் அசலுக்குக் கட்டியதைவிட வட்டிக்கும் கட்டணங்களுக்கும் கட்டியது அதிகமென்றால் அது ‘தீராக் கடன்’ என்று கணக்கு. கார்டு நிறுவனமே வாடிக்கையாளரைத் தேடிப் போய்ப் பேசவேண்டும், 36 மாதம் ஆகியும் அப்படியே இருந்தால் தீர்ப்பதற்கு வழி செய்து தரவேண்டும். 2018இல் வந்தது. படிக்கட்டுக்கு ஒரு வருடத்தில் வட்டிக்குப் போகும் 38,300க்கும் அசலில் குறையும் 18,300 சொச்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்ததும் அது நினைவுக்கு வந்தது.

படிக்கட்டு:

இன்று வீட்டில் சொல்லிவிட்டேன். எதிர்பார்த்த அளவு பூகம்பம் இல்லை. இந்த மாதத்திலிருந்து 7,000 நிலையாகக் கட்டுவதாக முடிவு. கடன் மாற்றுவதற்கும் இரண்டு இடத்தில் விசாரிக்கிறோம். கார்டு இப்போது என் கையில் இல்லை, யாரிடம் இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை.

தூக்கம் வராதவன்:

தாமதக் கட்டணமும் அதன் வரியும் திரும்ப வந்தாயிற்று. ஆணையின் பெயரையும் ஆண்டையும் குறிப்பிட்டு எழுதியதும் ஆறாம் நாள் பதில். வட்டியை எடுக்கவில்லை, மறுபடி எழுதியிருக்கிறேன். கூடவே ஆட்டோ டெபிட்டையும் போட்டுவிட்டேன்.

பழைய கணக்கர்:

ஆட்டோ டெபிட்டில் ‘முழுத் தொகை’ என்று தேர்ந்தெடுத்தீர்களா, ‘மினிமம்’ என்றா? பல செயலிகளில் மினிமம்தான் முதலில் டிக் ஆகியிருக்கும்.

தூக்கம் வராதவன்:

ஐயையோ. ஒரு நிமிடம்.

தூக்கம் வராதவன்:

மாற்றிவிட்டேன். நன்றி, நன்றி.

நிலாப்பாதை:

இழையைத் தொடங்கிவிட்டு ஓடிப்போய்விட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். இரண்டு மாதம் கழித்து நிலவரம் இது.

ஆகஸ்ட் 20 அன்று 4,281ஐயும் வரியையும் முழுதாகக் கட்டினேன். ஹெட்செட் சொன்னபடி அமைதியாகக் கூப்பிட்டேன். முதல் ஆள் முடியாது என்றார். இரண்டாவது ஆள் மேலே அனுப்பினார். பாதி வட்டி, 1,140, வரவு வைத்தார்கள். அப்பாடா என்று இருந்தேன். செப்டம்பர் 4 ஸ்டேட்மென்டில் பார்த்தால் மறுபடி வட்டி 37! எல்லாவற்றையும் கட்டிய பிறகு இது எங்கிருந்து முளைத்தது?

பழைய கணக்கர்:

அது வால். ஆகஸ்ட் 4லிருந்து நீங்கள் கட்டிய 20 வரை 16 நாட்கள், அந்த 2,000 பாக்கியாகத்தானே இருந்தது? அதற்கான வட்டி அடுத்த ஸ்டேட்மென்டில்தான் எட்டிப் பார்க்கும். உங்கள் வரவிலிருந்து கழித்துக்கொண்டிருப்பார்கள். வரவு இல்லாதவர்கள் இதை அற்பத் தொகை என்று விட்டுவிட்டால், முழுத் தொகை கட்டவில்லை என்று கதை முதலிலிருந்து தொடங்கும். அடுத்த ஸ்டேட்மென்ட் சுத்தமாக வரும்வரை அந்தக் கார்டைத் தொடாதீர்கள்.

நிலாப்பாதை:

அக்டோபர் ஸ்டேட்மென்ட் வந்துவிட்டது. வட்டி என்ற வரியே இல்லை.

காற்றாடி:

வாழ்த்துகள். ஆரம்பத்திலிருந்து கேட்க நினைத்தது ஒன்று. அந்த 2,000ஐ எதற்காக நிறுத்தி வைத்தீர்கள்?

நிலாப்பாதை:

மடிக்கணினிக்கு ஒரு நல்ல பை வாங்க. கார்டில் வாங்கினால் செலவு கூடிவிடும் என்று பயந்து ரொக்கத்தில் வாங்கினேன்.